திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்

அத்தியாயம் 11

கார்லைலிலிருந்து வந்த இரண்டு உறைகளை, அம்மாவும் மகளும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இரண்டிலும் ஒரே தேதி. ட்ரெவர் போர்ட்டர் இறந்தது எப்படி என்று கண்டறியும் விசாரணைக்குத் தாயும் சாட்சி, மகளும் சாட்சி.

அந்தத் தேதி இன்று.

காலை ஏழு மணிக்கே கீத் ரொட்டி வாட்டி, தேநீர் போட்டு, முட்டையும் பொரித்து வைத்துவிட்டார். அணுசக்தி ஆலையில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அடுப்பைப் பற்ற வைப்பதுதான்.

"ரெண்டு வாயாவது சாப்பிடு ஜெம்மா. அங்க மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் கிடைக்காது."

"வேண்டாம்ப்பா."

"லொரைன், நீயாவது..."

"கார்ல சாப்பிட்டுக்கலாம் கீத்."

ஒருவரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று தட்டும் அப்படியே கிடக்க, மேரிபோர்ட்டை விட்டுக் கார்லைலுக்குக் கிளம்பினார்கள். கடல் கண்ணை விட்டு மறையும் வரை லொரைன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் இருக்கையில் ஜெம்மா, நேர்முகத் தேர்வுக்கென்று வாங்கிய அதே கறுப்புக் கோட்டில். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்தான் நர்ஸ் வேலை வாங்கினாள். வேலைக்குச் சேர்ந்து முழுதாக இரண்டு மாதம் ஆவதற்குள் ட்ரெவர் செத்துப்போனான்.

ட்ரெவருக்கு நாற்பத்து நான்கு வயது. பேச்சு வராது. பசி என்றால் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து நீட்டுவான். பிடித்தவர்களைக் கண்டால் நெற்றியை அவர்கள் தோளில் முட்டுவான். அவனைப் போல அறிவு வளர்ச்சி குன்றிய ஆறு பேர் இருக்கும் ஹார்பர் லேன் வீட்டில் இருபத்தேழு வருடமாக இருந்தான். போன நவம்பரில் மூன்று நாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டே இருந்தான். 'நடத்தைப் பிரச்சினை' என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் உயிர் போய்விட்டது. குடல் அடைத்துக்கொண்டு, உள்ளே கிழிந்திருந்தது.

அந்த வீடும் அதைப் போன்ற இன்னும் எட்டு வீடுகளும், அவற்றில் வேலை பார்க்கும் நர்சுகள் அத்தனை பேரும் லொரைனின் பொறுப்பில் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஜெம்மா அவளுக்கு எழுதியிருந்தாள். மகளாக இல்லை, நர்ஸாக, அலுவலக மின்னஞ்சலில். 'ட்ரெவருக்கு ஆறு நாளாக வெளிக்குப் போகவில்லை. வயிறு கல்லாக இருக்கிறது. சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறான். டாக்டர் போனிலேயே பேதி மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டார். நான் சொன்னால் புதுசு என்று நினைக்கிறார்கள். நீங்கள் சொன்னால் நேரில் வருவார்கள்.'

கைபேசித் திரையில் எட்டிப் பார்த்த வரிகளிலேயே விஷயம் முழுக்க இருந்தது. லொரைன் அதைப் படித்தாள். திறக்கவில்லை.

மறுநாள், சனிக்கிழமை மதியம், மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது ஜெம்மா கேட்டாள். "அம்மா, நான் அனுப்பினதைப் பாத்தியா?"

"பாத்தேன். திங்கட்கிழமை பாத்துக்கலாம். சாப்பாட்டு மேசையில வேலை வேண்டாம்னு நமக்குள்ள பேசியிருக்கோம்ல?"

அவ்வளவுதான் பேச்சு. கீத் உருளைக்கிழங்கைப் பரிமாறினார்.

மின்னஞ்சல் திறக்கப்பட்டது திங்கட்கிழமை காலை எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு என்று கணினி சொல்கிறது. அலுவலகத்தின் வக்கீல் அந்தப் பதிவைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க பொய்யே சொல்ல வேண்டாம் லொரைன். கம்ப்யூட்டர் என்ன சொல்லுதோ அதை மட்டும் சொன்னாப் போதும்." சாப்பாட்டு மேசையைப் பற்றி அந்த வக்கீலுக்குத் தெரியாது. அது மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று லொரைன் நேற்று முடிவு செய்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கீத் தடுப்பார், ஜெம்மா அழுவாள் என்று நினைத்தாள். அங்கே போய் நின்று சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு வருவது வரட்டும் என்று தன்னைத் திடப்படுத்திக்கொண்டிருந்தாள்.

மகளை முதலில் கூப்பிடுவார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

*

விசாரணை அதிகாரி பெல் அறுபது வயதுக்காரர். கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே பேசுவார். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயமாக இருந்தது.

முன் வரிசையில் ட்ரெவரின் அம்மா மாரீன். எழுபத்திரண்டு வயது. பக்கத்தில் துணைக்கு ஒருவரும் இல்லை. மடியில் ட்ரெவரின் பெரிய புகைப்படம் ஒன்றைச் சட்டத்தோடு வைத்திருந்தாள். லொரைன் உள்ளே நுழைந்தபோது மாரீன் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பை லொரைனால் தாங்க முடியவில்லை.

ஜெம்மா பைபிளில் கை வைத்து உறுதி சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை மேலாளருக்கு எழுதியிருக்கீங்க. பதில் வந்ததா?"

"வரலை சார்."

"அதுக்கப்புறம் வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை."

"மேலாளர் உங்க அம்மா. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கீங்க. வீட்டுல வாய்விட்டுச் சொல்லலையா?"

லொரைன் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"சொல்லலை சார். வீட்டுல வேலையைப் பத்திப் பேசக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு வழக்கம். மறந்தும் பேச மாட்டோம்."

"ஆம்புலன்சைக் கூப்பிட உங்களுக்கு அதிகாரம் இருந்ததா?"

"இருந்தது."

"கூப்பிடலை."

"கூப்பிடலை. கூப்பிட்டிருக்கணும். அது என் தப்பு சார்."

ஒரு தடவைகூட அம்மா பக்கம் திரும்பவில்லை அவள். ஒப்பிப்பதற்காக மனப்பாடம் செய்துகொண்டு வந்த பிள்ளையைப் போல, எதிரே இருந்த சுவரைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். பெல் எழுதிக்கொண்டார். வக்கீல் எழுதிக்கொண்டாள். மாரீன் மட்டும் எழுதவில்லை. புகைப்படத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

மதிய இடைவேளை. கோட்டைச் சுவர் ஓரமாக ஒரு பெஞ்சு. கீத் மூன்று பொட்டலம் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு வந்து லொரைன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஜெம்மா எங்க?"

"கார்ல இருக்கா. அவளைக் கொஞ்ச நேரம் விடு."

"கீத், அவ எதுக்கு அப்படிச் சொன்னா?"

கீத் பொட்டலத்தின் ஓரத்தைக் கிழித்தார். கிழித்ததைத் திரும்ப மடித்தார்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

லொரைன் அவர் பக்கம் திரும்பினாள்.

"எப்போ?"

"போன ஞாயித்துக்கிழமை. நீ கடைக்குப் போயிருந்தப்போ. உன் முகத்தைப் பாத்துட்டுத்தான் இருக்கேன், ரெண்டு வாரமா. நீ அங்க போய்க் கொட்டிருவேன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால அவ சொல்லிட்டா நீ அடங்கிருவேன்னு நெனச்சேன்."

"அவ நர்ஸ் பதிவையே பறிச்சிருவாங்க கீத்!"

"அவளுக்கு இருபத்தஞ்சு வயசு. இன்னும் எத்தனையோ வேலை இருக்கு. நீ முப்பத்தாறு வருஷம் உழைச்சிருக்கே. அந்தப் பழைய ஆஸ்பத்திரில நாப்பது கட்டிலை வரிசையாப் போட்டு ஆளுங்களைக் கட்டி வெச்சிருந்தாங்களே, அதுலருந்து ஒவ்வொருத்தரா வெளிய கூட்டிட்டு வந்தது யாரு? ட்ரெவரைக் கூட்டிட்டு வந்தது யாரு? ஒரு சனிக்கிழமைக்காக அத்தனையும் குப்பைக்குப் போகணுமா?"

"போகணும்."

"உனக்கு எல்லாமே லேசு!" கீத்தின் குரல் உடைந்தது. "உன்னைக் காப்பாத்தறதுக்கு நான் என் பொண்ணை வித்துட்டு வந்து உக்காந்திருக்கேன். நீ என்னடான்னா..."

முப்பது வருட இல்வாழ்க்கையில் அவர் அழுது லொரைன் பார்த்தது இரண்டே தடவை. இது மூன்றாவது. அவரைத் தொட வேண்டும் போல இருந்தது, தொடவும் கை வரவில்லை. எழுந்து கார் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

ஜெம்மா கண்ணாடியை இறக்கினாள். அழுது முடித்திருந்தாள்.

"அப்பா சொல்லிட்டாரா?"

"ஜெம்மா, நான் உள்ள போய் உண்மையைச் சொல்லப் போறேன்."

"சொல்லாதம்மா."

"நீ செய்ய வேண்டியதைச் செஞ்சே கண்ணு. எழுதினே, வாயாலயும் கேட்டே. நான்தான்..."

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. பைபிள்ல கை வெச்சு நான் ஒண்ணு சொல்லிட்டேன். இப்ப நீ போய் வேற மாதிரி சொன்னா நான் யாரு? ஆம்புலன்சைக் கூப்பிடாத நர்ஸா இருந்தாப் பரவால்ல. பயந்துட்டா, புதுசுன்னு விட்டுருவாங்க. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்ன நர்ஸுக்கு யாரும்மா வேலை கொடுப்பா? அது ஜெயில் விஷயம்மா."

லொரைனுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. உண்மையைச் சொன்னால் மகள் பொய்க்காரி. சொல்லாவிட்டால் ஒரு மனிதனைச் சாக விட்டவள். இரண்டு பக்கமும் மகள்தான் நின்றாள். தாயாக நுழைய ஒரு சந்துகூட இல்லை.

"எனக்காக வாயை மூடிக்கோ," என்றாள் ஜெம்மா. "இந்த ஒரு தடவை."

*

இரண்டு மணிக்கு லொரைனைக் கூப்பிட்டார்கள்.

பெல் ஒரு தாளை எடுத்தார். "உங்க நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கறப்போ நீங்க கொடுக்கிற தாள் இது. படிக்கிறேன். 'பேச முடியாதவர் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்தால், வலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நடத்தை என்பதைக் கடைசியில் எழுதுங்கள்.' இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"எப்போ?"

"பதினாலு வருஷம் முன்னால."

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார் பெல். கேலியாகச் சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது.

சனி, ஞாயிறுகளில் மூன்று மூன்று வீட்டுக்குச் சேர்த்துக் காரில் சுற்றிவரும் ஒரே ஒரு நர்ஸ் என்று பணி அட்டவணையை மாற்றியது யார் என்று கேட்டார். மேலிடத்து உத்தரவு என்றாள் லொரைன். எதிர்த்தீர்களா? மூன்று முறை எழுதி எதிர்த்தேன். அப்புறம்? அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது. அலுவலகத்தில் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பத் தொடங்கிய எட்டு வருடத்தில், ஆட்களின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டத்துக்குள் போய்விட்டிருந்தது. ட்ரெவர் அவள் தோளில் கடைசியாக நெற்றியை முட்டியது எப்போது என்று அவளுக்கு ஞாபகமில்லை.

"மின்னஞ்சலைத் திங்கட்கிழமை காலையில திறந்திருக்கீங்க."

"ஆமா சார். திறந்தது திங்கட்கிழமைதான்."

வக்கீலின் தோள் தளர்ந்தது. பின் வரிசையில் கீத் கண்ணை மூடிக்கொண்டார். இதோடு முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லொரைனுக்கே அப்படித்தான் தோன்றியது. சொல்லாமல் இருப்பது இத்தனை சுலபமா என்று ஒரு கணம் வியந்தாள்.

"குடும்பத்தார் ஏதாவது கேக்கணுமா?" என்றார் பெல்.

மாரீன் எழுந்தாள். புகைப்படத்தை நாற்காலியில் நிறுத்தி வைத்தாள்.

"எனக்குச் சட்டமெல்லாம் தெரியாதுங்க. லொரைன்கிட்ட ஒண்ணு கேக்கணும், அவ்வளவுதான்." திரும்பினாள். "அந்தச் சின்னப் பொண்ணு காலையில எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டா. பாவமா இருந்தது. ஆனா என் மனசு கேக்கல லொரைன். ஆறு பேர் இருக்கற வீடு. மூணு நாள் அவன் சுவத்துல முட்டியிருக்கான். இந்தப் பொண்ணைத் தவிர, அவனுக்கு வலிக்குதுன்னு பெரியவங்க ஒருத்தருக்குக் கூடவா தெரியாது? அவன் சாகறதுக்கு முன்னால, ஒருத்தருக்காவது தெரியுமா? தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும். அவன் தனியாக் கிடந்து சாகலைன்னு இருக்கும்."

ஆறுதலுக்காகக் கேட்கிறாள். குற்றம் கண்டுபிடிக்க இல்லை. தன் மகனின் வலி யாருக்காவது எட்டியதா என்று மட்டும் தெரிந்துகொள்ள, பத்து மாதம் காத்திருந்து, தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

லொரைன் ஜெம்மாவைப் பார்த்தாள். ஜெம்மா தலையை இல்லை, இல்லை என்று மெதுவாக ஆட்டினாள்.

"எனக்குத் தெரியும், மாரீன்."

வக்கீல் சட்டென்று நிமிர்ந்தாள்.

"திறக்கலையே தவிர, வெள்ளிக்கிழமையே போன்ல படிச்சுட்டேன். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுல ஜெம்மா என்னை நேரடியாவே கேட்டா. திங்கட்கிழமை பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். அவ பொய் சொன்னது எனக்காக."

"மிசஸ் டைசன், நிறுத்துங்க." பெல் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கே எதிராத் திரும்பக்கூடிய கேள்விக்கு நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீலைப் பாருங்க. விசாரணையை நாளைக்குக் காலை பத்து மணிக்கு ஒத்தி வைக்கிறேன். ஜெம்மா டைசன் நாளைக்குத் திரும்பவும் இங்க வரணும். அதுவரைக்கும் உங்க சாட்சியம் முடியலை. இந்த விஷயத்தைப் பத்தி நீங்க யார்கிட்டயும் பேசக் கூடாது. முக்கியமா, இன்னொரு சாட்சிகிட்ட. புரியுதா?"

"அவ என் மக சார்."

"தெரியும்," என்றார் பெல்.

ஜெம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

*

வாசல் படியில் மாரீன் நின்றிருந்தாள். லொரைன் அருகில் போனாள். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது நடந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"நீ அவனுக்கு அந்த வீட்டுல முதல் திரைச்சீலையை வாங்கிட்டு வந்தே," என்றாள் மாரீன். "நீலக் கலர். நான் வேண்டாம்னேன். அவனைக் கேட்டுத்தான் வாங்கினேன்னு சொன்னே. பதினேழு வயசாகியும் அதுவரைக்கும் அவனை யாரும் ஒண்ணும் கேட்டதில்லை."

"மாரீன், நான்..."

"இரு. தெரிஞ்சா ஆறுதலா இருக்கும்னு உள்ள சொன்னேன்ல? இல்ல லொரைன். யாருக்கும் தெரியாம செத்தான்னு இருந்தப்போ நிம்மதியாத்தான் இருந்திருக்கேன். எனக்குத்தான் அது புரியலை."

புகைப்படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்க நினைத்து, லொரைன் படியிலேயே நின்றாள்.

காரில் இரண்டு பேர்தான் திரும்பினார்கள். ஜெம்மா எங்கே போனாள் என்று தெரியவில்லை. கீத் வழியெல்லாம் அவளை அழைத்துப் பார்த்தார். கைபேசி அணைந்திருந்தது. ரயில் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு வந்தார்.

மேரிபோர்ட் எல்லைக்குள் நுழையும்போது லொரைனின் கைபேசி அடித்தது. அலுவலகத் தலைமை அதிகாரி. "நாளையிலிருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம் லொரைன். அடையாள அட்டையை யாராவது வந்து வாங்கிக்குவாங்க. எந்த வீட்டுக்கும் போகாதீங்க, எந்த நர்ஸ்கிட்டயும் பேசாதீங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "முப்பத்தாறு வருஷம்... எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை," என்றாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

வீட்டில் காலைத் தட்டுகள் மூன்றும் மேசையிலேயே இருந்தன. முட்டை விறைத்துக் கிடந்தது. கீத் முன்னறைக்குப் போய் ஜன்னல் ஓரம் நின்றார். லொரைன் தட்டுகளை எடுக்கக் கை நீட்டி, எடுக்காமல் உட்கார்ந்துவிட்டாள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கைபேசி மறுபடி அடித்தது. திரையில் ஜெம்மாவின் படம்.

கை பாய்ந்து போனது. போன வேகத்தில் நின்றது. இன்னொரு சாட்சிகிட்ட. புரியுதா? பெல்லின் குரல். எடுத்துப் பேசினால், நாளைக்கு ஜெம்மா என்ன சொன்னாலும் அம்மா சொல்லிக் கொடுத்தது என்று ஆகிவிடும். பேச வேண்டாம், 'எங்கே இருக்கிறாய்' என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாமா? அது கூடாதா? அதுகூடவா கூடாது?

யோசித்து முடிப்பதற்குள் மணி நின்றுவிட்டது.

உடனே முன்னறையில் கீத்தின் கைபேசி அடித்தது.

"ஜெம்மா! எங்கம்மா இருக்கே?" என்றார் கீத். அப்புறம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "எப்போ?" என்றார் ஒரு தடவை. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

லொரைன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

கீத் அவளைத் திரும்பிப் பார்த்தார். கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே நடந்து வந்து, முன்னறைக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.